கோடையை வென்ற புல்

வரலாறு என்றவுடன் முடியரசர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கியிருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று அந்தப் பாடங்களை நடத்தியவன் நான். அவற்றின் அருமையை மறுப்பவன் அல்லேன். ஆயினும் மனிதன் கால் பதித்து நிற்கும் மண்ணுக்கும், அம்மண்ணில் முளைக்கும் புல்லுக்கும் கூட வரலாறு உண்டு. அத்தகைய வரலாறு ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கோல்ப் என்னும் ஆட்டத்திற்குரிய திடல்களை, மழையற்ற கடுங்கோடையில் அழியாமல் காப்பாற்றுவதற்கு மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறு அது.

“கோல்ப் செல்வர் சிலர் ஆடும் ஆட்டம் அன்றோ? அதன் திடல் காய்ந்தால் என்ன, தழைத்தால் என்ன?” என்று உங்களில் யாரேனும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கதை செல்வர் திடலில் தொடங்கினாலும், அங்கேயே முடிந்துவிடுவதில்லை. நம் நாட்டுக் கம்பங்கொல்லைக்கும், தெருக்குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களுக்கும் அது வந்து சேர்கிறது. அவ்வாறு வந்து சேரும் வழியைப் பொறுமையுடன் பார்ப்போம்.

முதற்கண், ஆட்டத்தை அறியாதவர்களுக்காகத் திடலின் அமைப்பைச் சில சொற்களில் கூறிவிடுகிறேன். கோல்ப் திடலில் 18 குழிகள் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க மேடை, நீண்டு செல்லும் ஒரு புல்வெளிப் பாதை, பாதையின் முடிவில் மிக நெருக்கமாக வெட்டப்பட்ட ஒரு பசுந்தரை என மூன்று பகுதிகள் இருக்கும். பசுந்தரையின் நடுவே நாலேகால் அங்குல அகலமுள்ள குழி. ஆட்டக்காரர் பந்தைப் பாதை வழியே அடித்துக்கொண்டு வந்து, பசுந்தரையில் மெல்ல உருட்டிக் குழியில் இடவேண்டும். பந்து உருளும் தரை ஆதலின், பசுந்தரையின் புல் விரித்த துணியைப் போல் சமமாக இருக்கவேண்டும். அதற்காகப் புல்லை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்திற்கு மழிப்பர். புல்லின் இலைதான் அதன் சமையற்கூடம். சமையற்கூடத்தையே நாள்தோறும் இடித்துத் தள்ளிவிட்டு, கொளுத்தும் வெயிலில் உயிரோடும் இரு என்றால் அந்தப் புல் என் செய்யும்? திடல் காப்போரின் துன்பமெல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

இந்த ஆட்டம் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரை. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம், மக்கள் வில்வித்தை பழகாமல் பந்தாட்டத்திலும் கோல்பிலும் பொழுது போக்குகின்றனர் என்று கருதி, அவ்விரு ஆட்டங்களையும் தடை செய்தது. தடை ஒருபுறம் இருக்க, ஆட்டம் ஒருபுறம் வளர்ந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில், கடலுக்கும் கழனிக்கும் இடையே மணல்மேடுகள் நிறைந்த ஒரு நிலம் உண்டு. உழவுக்கு உதவாத நிலம் அது. 1552ஆம் ஆண்டில் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனம், அந்நிலத்தில் கோல்ப் ஆடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. அதே நிலத்தில் முயல் வளர்ப்பதைப் பற்றியும் அச்சாசனம் பேசுகிறது. ஆம், அக்காலத்தில் புல் வெட்டுவோர் முயல்களும் ஆடுகளுமே. எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்தது 1830ஆம் ஆண்டில்தான்.

அந்த மணல் நிலத்தில் இயற்கையாக வளர்ந்தது பெஸ்க்யூ என்னும் ஊசியிலைப் புல். வளமற்ற மண்ணையும் வறட்சியையும் அது தாங்கும். கோடையில் மழை பொய்த்தால் பழுப்பு நிறமாகி உறங்கும். மழை வந்தால் மீண்டும் பசுமை பெறும். ஆடியவர்களும் அதை இயல்பாகவே ஏற்றனர். பந்து கோடையில் வேகமாக உருளும், மழைக்காலத்தில் மெதுவாக உருளும், அவ்வளவே.

திடல் காத்தலை ஒரு தொழிலாக உயர்த்தியவர் டாம் மாரிஸ் என்பவர். 1821ஆம் ஆண்டில் செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்த இவர், பிரெஸ்ட்விக் என்னும் ஊரில் சில ஆண்டுகள் திடற்காவலராக இருந்தார். பின்னர் 1864ஆம் ஆண்டில், ஆண்டுக்கு 50 பவுன் ஊதியத்தில், தம் சொந்த ஊருக்கே திரும்பி வந்தார். பிரெஸ்ட்விக்கில் இருந்தபோது ஒருநாள் மணல் வண்டி ஒன்று பசுந்தரையில் கவிழ்ந்துவிட்டதாகவும், மணல் விழுந்த இடத்தில் மட்டும் புல் செழித்ததைக் கண்டு அவர் வியந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பசுந்தரையின்மீது அடிக்கடி மெல்லிய மணலைத் தூவும் வழக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மணல் தரையைச் சமமாக்குகிறது. காய்ந்த புற்குப்பைகளைக் கலைத்து மண்ணோடு சேர்க்கிறது. மேலே விழும் நீரைத் தேங்கவிடாமல் வேருக்கு அனுப்புகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். மனிதருக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் திடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கருத்து. செயின்ட் ஆண்ட்ரூசின் பழைய திடலில் இன்றும் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் இல்லை.

இதுவரை கண்டது குளிர்நாட்டின் கதை. இனி ஆங்கிலேயரின் கப்பல்களில் ஏறி இவ்வாட்டம் வெப்பநாடுகளுக்கு வருகிறது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய முதல் கோல்ப் சங்கம் எது தெரியுமா? கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சங்கமே. அதன் பின்னர் பம்பாய், பெங்களூர், சென்னை என்று துரைமார் சென்ற இடமெல்லாம் திடல்கள் தோன்றின. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதையின் நடுவே அமைந்த திடலைக் கண்டவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம்.

ஆனால் ஸ்காட்லாந்தின் புல் நம் சித்திரை வெயிலைக் கண்டதில்லை. கடற்கரைக் குளிர்காற்றில் வளர்ந்த புல்லை, தார்ச்சாலை உருகும் வெயிலில் மூன்று மில்லிமீட்டராக மழித்தால் அது ஒரு வாரமும் தாங்காது. என்ன செய்தனர்? புல்லையே கைவிட்டனர். குழியைச் சுற்றிலும் மண்ணைத் திமிசால் இடித்து, நயமான மணலை எண்ணெய் கலந்து பரப்பி, பந்து உருளும் தரையாக ஆக்கிக்கொண்டனர். பசுந்தரைக்கு ஆங்கிலத்தில் ‘கிரீன்’ என்று பெயர். இந்த மணல் தரைக்கு அதன் நிறத்தை வைத்தே ‘பிரவுன்’ என்று பெயரிட்டனர். ஆட்டக்காரர் கடந்து சென்றவுடன், அங்கு நிற்கும் பணியாள் ஒரு கட்டையை இழுத்துக் காலடித் தடங்களை அழித்து மீண்டும் சமன் செய்வார். நீர் இல்லாத இடத்தில் ஆட்டத்தை வாழவைத்தது இந்த எளிய உத்தி. ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் கூபர் பெடி என்னும் சுரங்க ஊர் ஒன்று உண்டு. அவ்வூர்த் திடலில் புல் என்பதே கிடையாது. ஆடுவோர் ஒரு சிறு புல்விரிப்புத் துண்டைக் கையோடு எடுத்துச் சென்று, அதன்மீது பந்தை வைத்து அடிக்கின்றனர்.

அமெரிக்காவின் தென்பகுதியிலும் இதே நிலைதான். டானல்டு ராஸ் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர், டாம் மாரிசிடம் செயின்ட் ஆண்ட்ரூசில் தொழில் பழகியவர். 1899ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற இவர், வட கரோலினா மாநிலத்தில் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் பல திடல்களை அமைத்தார். அவற்றுள் புகழ்பெற்றது 1907ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட இரண்டாம் எண் திடல். உலகப்புகழ் பெற்ற அந்தத் திடலிலும் 1935ஆம் ஆண்டு வரையில் குழிகளைச் சுற்றி இருந்தவை மணல் தரைகளே. மாரிசின் மாணாக்கராலும் வெப்பத்தில் நல்ல பசுந்தரையை உண்டாக்க இயலவில்லை. குறை மனிதரின் உழைப்பில் இல்லை. புல்லின் பிறப்பில் இருந்தது.

இவ்விடத்தில் சிறிது தாவர இயல் பேசவேண்டியிருக்கிறது. புற்கள் இரு பெருங்கூட்டங்களாக உள்ளன. பெஸ்க்யூ, பென்ட் முதலிய குளிர்நாட்டுப் புற்கள் ஒரு கூட்டம். நெல்லும் கோதுமையும் உணவு ஆக்கும் முறையில் இவற்றைச் சேர்ந்தவை. இவை கரியமில வாயுவை நேரடியாகப் பற்றி உணவு ஆக்குகின்றன. வெப்பம் மிகும்போது இம்முறையில் விரயம் மிகுகிறது. உண்டாக்கிய உணவில் ஒரு பங்கைத் தாமே இழந்துவிடுகின்றன. கரும்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை மற்றொரு கூட்டம். இவற்றின் இலையில், கரியமில வாயுவை முதலில் பிடித்துச் செறிவாக்கி, பிறகு உணவு ஆக்கும் அறைக்கு அனுப்பும் ஓர் ஏற்பாடு உண்டு. ஆதலின் இலைத்துளைகளை அகலத் திறந்துவைக்க வேண்டிய தேவை இவற்றுக்குக் குறைவு. துளை குறுகினால் நீர் ஆவியாவதும் குறையும். ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இரு அறிஞர்கள் கரும்பிலையை ஆராய்ந்து இம்முறையை 1966ஆம் ஆண்டில் விளக்கினர். குளிர்நாட்டுப் புல் 15 முதல் 24 பாகை செல்சியசில் நன்கு வளரும். வெப்பநாட்டுப் புல்லோ 27 முதல் 35 பாகையில்தான் தன் முழு வலிமையைக் காட்டும்.

இந்த இரண்டாம் கூட்டத்தில், நம் வரப்புகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு புல்லும் உண்டு. பிள்ளையாருக்கு நாம் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்தான் அது. அதற்கு ஆங்கிலத்தில் பெர்முடா புல் என்று பெயர். பெயரில் பெர்முடா இருப்பினும், அது அத்தீவில் பிறந்த புல் அன்று. ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பழைய கண்டங்களுக்கே உரியது. எப்படியோ கடல் கடந்து அமெரிக்காவின் தென்பகுதிக்குச் சென்று சேர்ந்தது. அங்குப் பருத்தி பயிரிட்ட உழவர்கள் அதைப் பெரும்பகையாகக் கருதினர். களைந்தால் கணுவிலிருந்து தழைக்கும். உழுதால் துண்டுதுண்டாகிப் பல்கும். மண்ணின்மேல் ஓடும் தண்டு ஒன்று, மண்ணுக்குள் ஓடும் தண்டு ஒன்று என இருவழியிலும் அது பரவுகிறது. உழவன் சபித்த இக்குணமே திடல் காப்பவனுக்கு வரமாயிற்று. மேலே எவ்வளவு மழித்தாலும், மிதித்தாலும், வெயில் காய்ந்தாலும், மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரைக் காத்து வைத்திருக்கும்.

ஆனால் வரப்பில் உள்ள அருகு முரட்டு இலை உடையது. பந்து உருளும் மெல்லிய விரிப்பாக அதை ஆக்குவது எவ்வாறு? அமெரிக்கக் கோல்ப் கழகம் 1920ஆம் ஆண்டில் புல் ஆராய்ச்சிக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. அரசாங்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த சார்லஸ் பைப்பர், ரசல் ஓக்லி என்னும் இரு தாவர அறிஞர்கள் அதற்குத் துணை நின்றனர். திடற்புல்லைப் பற்றி அவ்விருவரும் எழுதிய நூல் 1917ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. வாஷிங்டன் நகருக்கு அருகே ஆர்லிங்டன் பண்ணையில் அவர்களுடைய சோதனைப் பாத்திகள் இருந்தன. பின்னாளில் அப்பண்ணை நிலத்தில்தான் பென்டகன் என்னும் படைத்துறைத் தலைமையகம் எழுந்தது. புல் வளர்த்த நிலத்தில் போர்த்துறை அமர்ந்தது.

அருகம்புல்லை முற்றிலும் மாற்றியமைத்த பெருமை கிளென் பர்ட்டன் என்பவரைச் சாரும். 1910ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1936ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தின் டிப்டன் என்னும் சிற்றூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். இவருடைய முதல் வேலை மாட்டுத் தீவனத்திற்கான புல்லைச் சீர்திருத்துவது. 1943ஆம் ஆண்டில் ‘கோஸ்டல்’ என்னும் தீவன அருகை வெளியிட்டார். பிறகு அவர் கவனம் திடற்புல்லின்மேல் சென்றது. பல திடற்காவலர்கள் தத்தம் பசுந்தரைகளில் தற்செயலாகத் தோன்றிய நயமான அருகுகளைத் தோண்டி அவருக்கு அனுப்பினர். சார்லட் நகரத்துத் திடலின் நான்காம் குழியருகே கிடைத்த ஓர் அருகை, தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மெல்லிய இலையுடைய வேறோர் அருகினத்துடன் அவர் இணைத்தார். அவ்வாறு பிறந்ததே 1956ஆம் ஆண்டில் வெளியான ‘டிப்கிரீன்’. 1960ஆம் ஆண்டில் ‘டிப்வே’ வெளியாயிற்று. நான்மடங்குத் தொகுதியுள்ள ஓர் அருகுக்கும் இருமடங்குத் தொகுதியுள்ள மற்றோர் அருகுக்கும் பிறந்த இப்புற்களுக்கு 27 நிறக்கோல்கள் உள்ளன. மும்மடங்குத் தொகுதி ஆதலின் விதை பிடிக்காது. வாழைக்கன்று வைப்பதைப் போலத் தண்டுகளை நட்டே வளர்க்கவேண்டும். வெப்பநாடுகளின் திடல்களில் இப்புற்களும் இவற்றின் வழித்தோன்றல்களும் பரவின. மணல் தரைகள் மறைந்து பசுந்தரைகள் தோன்றின.

இங்கேதான் நான் முன்னே சொன்ன கம்பங்கொல்லை வருகிறது. அதே பர்ட்டன், அதே டிப்டன் நிலையத்தில், தீவனப் பயிராகக் கம்பையும் ஆராய்ந்துவந்தார். மகரந்தம் தராத கம்பு ஒன்றை அவர் உருவாக்கினார். ‘டிப்ட் 23 ஏ’ என்பது அதன் பெயர். கலப்பின விதை உண்டாக்குவதற்கு இத்தகைய தாய்ச்செடி இன்றியமையாதது. அதன் விதை இந்தியாவுக்கு வந்தது. லூதியானாவில் அத்வால் என்னும் அறிஞர், அதை நம் நாட்டுக் கம்புடன் இணைத்து, ‘எச்.பி. 1’ என்னும் இந்தியாவின் முதல் கலப்பினக் கம்பை உண்டாக்கினார். அது வெளியான ஆண்டு 1965. நாடு உணவுக்குத் தவித்துக்கொண்டிருந்த காலம் அது. மானாவாரி நிலங்களில் கம்பு விளைச்சல் உயர்ந்தது. சில ஆண்டுகளில் அடிச்சாம்பல் நோய் அவ்வினத்தைத் தாக்கியது உண்மையே. பின்னர் நம் அறிஞர்கள் நோய் தாங்கும் புதிய இனங்களைத் தேடினர். எனினும் வாயில் முதலில் திறந்தது அந்த விதையால்தான். செல்வர் ஆடும் திடலுக்குப் புல் தந்த கையே ஏழை உண்ணும் கூழுக்கும் விதை தந்தது. அறிவுக்குச் செல்வர் வறியர் என்ற வேற்றுமை தெரியாது. அதைப் பயன்படுத்தும் நாம்தான் அந்த வேற்றுமையைச் செய்கிறோம்.

நல்ல புல் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? கோடையில் அதை வளர்க்கும் முறையும் தெரியவேண்டும். கோடை தொடங்குமுன் தேர்ந்த திடற்காவலர் செய்யும் வேலைகள் சிலவற்றைக் கேளுங்கள். வெட்டும் பொறியின் கத்தியைச் சற்றே உயர்த்துவார். இலை நீண்டால் வேரும் நீளும். இறுகிய தரையில் சிறு துளைகளிட்டு மணலால் நிரப்புவார். காற்றும் நீரும் உள்ளே செல்லும். தழைச்சத்து உரத்தைக் குறைப்பார். அவசர வளர்ச்சி தாகத்தை மிகுவிக்கும். நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பதை விட்டு, இடைவெளி கொடுத்து ஆழமாகப் பாய்ச்சுவார். அதுவும் விடியற்காலையில் செய்வார். அப்போது காற்றும் வெயிலும் நீரைக் கொள்ளை கொள்ளா. நண்பகலில் குளிர்நாட்டுப் புல் வாடுவது கண்டால், பனித்துளி போல் மெல்லிய தூறலைத் தெளிப்பார். அது வேருக்கு இட்ட நீர் அன்று. காய்ச்சல் கண்ட நெற்றியில் ஈரத்துணி இடுவது போன்றதே.

ஆழப் பாய்ச்சுதலின் உண்மையை என் மாணவர்கள் தங்கள் கையாலேயே கண்டறிந்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு இரு மண்தொட்டிகளில் அருகு நடச் செய்தேன். ஒன்றுக்கு நாள்தோறும் ஒரு கை நீர்; மற்றதற்கு நான்கு நாட்களுக்கு ஒருமுறை, தொட்டி நனைய நான்கு கை நீர். மொத்தத்தில் இரண்டுக்கும் ஒரே அளவுதான். ஒரு மாதம் கழித்துத் தொட்டிகளை உடைத்துப் பார்த்தோம். முதல் தொட்டியின் வேர்கள் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடந்தன. இரண்டாம் தொட்டியின் வேர்களோ அடிவரை இறங்கியிருந்தன. எளிதில் கிடைக்கும் நீர் வேரைச் சோம்பேறியாக்குகிறது என்று ஒரு மாணவன் கூறினான். நூலிலிருந்து நான் கூறியிருந்தால் அவனுக்கு அது அவ்வளவு பதிந்திராது. நீங்களும் உங்கள் பள்ளியில் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

இத்தனை அறிவு பெற்ற பிறகும் மனிதன் ஒரு தவறான வழியில் சென்றான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நீரிறைக்கும் பொறிகளும், நிலத்தடிக் குழாய்களும், தாமே சுழன்று நீர் தூவும் கருவிகளும் மலிந்தன. 1966ஆம் ஆண்டில், ஜார்ஜியாவிலுள்ள அகஸ்டா திடலின் போட்டி முதன்முறையாக வண்ணத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. மரகதம் போன்ற அந்தப் பசுமையைக் கண்ட சங்கங்களெல்லாம் தம் திடலும் அவ்வாறே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டன. அகஸ்டாவில் போட்டி நடப்பது இளவேனிலாகிய ஏப்ரல் மாதத்தில் என்பதையும், கோடை முழுவதும் அத்திடல் ஆட்டமின்றி மூடப்பட்டிருக்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. குழாய்கள் பெருகின; மூலைமுடுக்கெல்லாம் பச்சையாயிற்று.

இதன் விலை என்ன? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு எக்டேர் நிலத்தின்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் விட்டால், அது 10,000 லிட்டர் ஆகும். வறண்ட நாட்டுக் கடுங்கோடையில், புல் நாளொன்றுக்கு 8 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 எக்டேர் பரப்புள்ள புல்லுக்கு அந்த இழப்பை முழுவதும் ஈடு செய்ய, நாள்தோறும் 24 இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. ஜூலை 12ஆம் நாள் வந்த முதல் இரயிலின் 50 பெட்டிகளில் இருந்த நீர் 25 இலட்சம் லிட்டர். ஒரு பெருநகரம் மாலையிட்டு வரவேற்ற நீரும், ஒரு திடலின் ஒருநாள் தாகமும் ஏறத்தாழ ஒன்றே. குளத்து நீரோ, குடிநீரோ, கழித்த நீரைத் தூய்மை செய்த நீரோ, எதைப் பாய்ச்சுகிறோம் என்ற கேள்வியை எந்தத் திடலும் இனித் தவிர்க்க இயலாது.

இயற்கையே இப்பாடத்தைச் சில முறை நடத்தியிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்து பெரும் வறட்சியில் சிக்கியது. ஜூலை மாதத்தில் ராயல் பர்க்டேல் திடலில் பிரிட்டிஷ் ஓபன் போட்டி நடந்தபோது, காய்ந்த புதர்ப்புல் தீப்பற்றி எரிந்தது. காய்ந்து இறுகிய அத்திடலில் ஜானி மில்லர் வென்றார்; 19 வயதே ஆன ஸ்பெயின் நாட்டு இளைஞர் பாலஸ்டெரோஸ் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு உலகின் கண்ணில் பட்டார். ஆகஸ்டில் பாராளுமன்றம் வறட்சிச் சட்டம் இயற்றியது. வறட்சிக்கென அமைச்சர் ஒருவரும் பொறுப்பேற்றார். அவர் பொறுப்பேற்ற சில நாட்களில் மழை கொட்டியது வேறு கதை! மழையுடன் மணல் நிலத்துப் பெஸ்க்யூ புல் உறக்கம் கலைந்து எழுந்தது.

அதன் பின்னர் பழுப்பைக் கண்டு அஞ்சாத துணிவு சிறிது சிறிதாக வளர்ந்தது. 2006ஆம் ஆண்டில் ஹாய்லேக் திடல் வைக்கோல் நிறமாகக் காய்ந்திருந்தது. டைகர் வுட்ஸ் அங்கு, நெடுந்தூரம் அடிக்கும் பெருங்கோலை நான்கு நாட்களில் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தி வெற்றி பெற்றார். இறுகிய தரையே பந்தை உருட்டிக்கொண்டு சென்றது. 2018ஆம் ஆண்டில் கார்னூஸ்டி திடலும் அவ்வாறே இருந்தது. பாதைகள் பழுத்துக் கிடக்க, குழியைச் சுற்றிய பசுந்தரைகள் மட்டும் பச்சையாக நின்றன. ஒரு திடலின் பசுந்தரைகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஏறத்தாழ ஒரு எக்டேர்தான். உயிர்நிலையை மட்டும் காத்து மற்றதைக் காயவிட்டால், நம் கணக்கிலுள்ள நீரில் முப்பதில் ஒரு பங்கே போதும்.

பைன்ஹர்ஸ்டுக்கு மீண்டும் வருவோம். டானல்டு ராஸ் அமைத்த இரண்டாம் எண் திடலும் காலப்போக்கில் விளிம்புக்கு விளிம்பு பச்சைப் புல்லால் மூடப்பட்டிருந்தது. 2010ஆம் ஆண்டில் பில் கூர், பென் கிரென்ஷா என்னும் இருவர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முற்பட்டனர். 1940களில் விமானத்திலிருந்து எடுத்த நிழற்படங்களை ஆராய்ந்தனர். ராஸ் காலத்து நீர்க்குழாய் பாதையின் நடுவே சென்ற ஒற்றை வரிசையையே எல்லைக்கு அளவாகக் கொண்டனர். ஏறத்தாழ 35 ஏக்கர் அருகம்புல்லை அகற்றிவிட்டு, மணலும் காட்டுப்புல்லும் தாமே பரவ விட்டனர். நீர் தூவும் கருவிகள் 1,150 இருந்தன. அவை 450 ஆயின. 2014ஆம் ஆண்டில் ஆடவர், மகளிர் ஆகிய இருபாலரின் அமெரிக்க ஓபன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேயே நடந்தன. பச்சைக்குப் பழகிய கண்கள் சில முகம் சுளித்தன. ஆனால் ஆட்டத்தின் தரம் குறைந்தது என்று எவரும் கூற இயலவில்லை. மாரிசிடம் மாணாக்கர் கற்றதும், மாணாக்கருக்குப் பின் உலகம் மறந்ததும், ஒரு நூற்றாண்டு கழித்து மீண்டும் நினைவுக்கு வந்தன.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? கடுங்கோடையில் ஒரு திடலைக் காப்பதற்கு மூன்று வழிகளை மனிதர் முயன்றனர். புல்லைக் கைவிட்டு மணலைப் பரப்பினர். தக்க புல்லைத் தேடிக் கண்டு வளர்த்தனர். பொருந்தாத இடத்திலும் நீரைக் கொட்டிப் பசுமையை விலைக்கு வாங்கினர். முன்னிரண்டும் அறிவின் வழிகள்; மூன்றாவது பணத்தின் வழி. பணத்தின் வழி ஏரி நிறைந்திருக்கும் வரையில்தான் செல்லும். மண்ணை அறிந்து, பருவத்தை அறிந்து, அதற்கேற்ற உயிரைத் தேர்வோர் ஏரி வற்றிய காலத்திலும் நிற்பர். திடலுக்கு மட்டுமன்று, நம் வயலுக்கும், வீட்டுத் தோட்டத்திற்கும், ஊர்ப் பூங்காவிற்கும் இந்நெறி பொருந்தும்.

நாளை நீங்கள் பொறியாளராகலாம், வேளாண் அறிஞராகலாம், நகராட்சியில் அதிகாரம் செலுத்துவோராகலாம். ஒரு பூங்காவிற்கு எந்தப் புல், ஒரு மைதானத்திற்கு எவ்வளவு நீர் என்று முடிவு செய்யும் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். அப்போது வெளிநாட்டுப் படத்தில் கண்ட பச்சையை நினையாமல், உங்கள் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் மிதிபட்டும் மாளாத அருகை நினையுங்கள். உலகமெல்லாம் தேடிச்சென்று கொண்ட அந்தப் புல், நம் வாயிற்படியிலேயே வளர்ந்துகொண்டிருக்கிறது.